'கிளிக்' பார்த்தவர்களே, எந்தக் காட்சியில் நின்றுபோனீர்கள்?

கணக்காளர், ஒரு மகளின் தந்தை

ஃபிராங்க் கொராசி இயக்கி 2006 ஜூனில் வெளிவந்த 'கிளிக்' படத்தை எல்லோரும் சிரிப்புப் படம் என்று சொல்லித்தான் அறிமுகப்படுத்துகிறார்கள். சிரிப்பு இருக்கிறது. முதல் பாதியில் முகம் சுளிக்க வைக்கும் நகைச்சுவையும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் படம் முடிந்த பிறகு அந்தச் சிரிப்பைப் பற்றிப் பேசியவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. ஏதோ ஓரிடத்தில் அது ஆளைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. அந்த இடம் ஆளுக்கு ஆள் வேறு. உங்களுக்கு எது என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். முடிவு வரை எல்லாவற்றையும் பேசப்போகிறோம். இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்பவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

மறந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆடம் சாண்ட்லர் நடித்த மைக்கேல் நியூமன் ஒரு கட்டிடக் கலைஞன். மனைவி டோனா, பிள்ளைகள் பென், சமந்தா. வீட்டில் எதற்கு எந்த ரிமோட் என்று தெரியாத குழப்பத்தில், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றை வாங்க இரவில் கடைக்குப் போகிறான். கடையின் பின்பகுதியில் மோர்ட்டி என்ற விசித்திர மனிதர் (கிறிஸ்டோபர் வாக்கன்) ஒரு ரிமோட்டை இலவசமாகக் கொடுக்கிறார். திருப்பித் தர முடியாது என்பது மட்டும்தான் நிபந்தனை. அது தொலைக்காட்சியை மட்டுமல்ல, அவன் வாழ்க்கையையே இயக்குகிறது.

அளவுக்கு மீறி உழைக்கும் ஒருவனின் கதை என்று இதைச் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. மைக்கேல் அந்த ரிமோட்டை உழைப்பதற்காக அழுத்துவதில்லை. போக்குவரத்து நெரிசல், சளி காய்ச்சல், பெற்றோருடன் நீளும் சாப்பாட்டு நேரம், மனைவியோடு வாக்குவாதம் என்று, பிடிக்காததையெல்லாம் ஓட்டிவிடுவதற்காக அழுத்துகிறான். ரிமோட் அவனுடைய விருப்பங்களைக் கற்றுக்கொள்கிறது. பிறகு அவன் கேட்காமலே ஓட்டுகிறது. ஓடும் அந்த நேரத்தில் அவனுடைய உடல் சாப்பிடுகிறது, தலையாட்டுகிறது, கேட்டதற்குப் பதிலும் சொல்கிறது. ஆள் மட்டும் அங்கே இல்லை.

நான் நின்றுபோன இடம், பதவி உயர்வுக் காட்சி. இரண்டொரு மாதத்தில் கிடைத்துவிடும் என்று நம்பி அதுவரை ஓட்டச் சொல்கிறான். கண் விழித்தால் ஒரு வருடத்துக்கும் மேல் போயிருக்கிறது. கணக்கு முடிக்கும் காலம் வந்துவிட்டால் எங்கள் தொழிலில் எல்லோர் வாயிலும் வரும் ஒரே வாக்கியம், "இது முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பது. அந்தக் காட்சியை அலுவலக நண்பர்களோடு பார்த்தபோது அறையே பேச்சற்றுப் போனது.

வீட்டில் மகளோடு இன்னொரு முறை பார்த்தேன். படம் முடிந்ததும் அவள் என்னிடம், "இன்றைக்கு நீங்கள் எதை ஓட்டியிருப்பீர்கள், அப்பா?" என்று கேட்டாள். யோசிக்காமல், "பஸ்ஸுக்காக நின்றதை" என்றேன். "அப்போதுதானே என் தோழி ஏன் பேசாமல் இருக்கிறாள் என்று உங்களிடம் சொன்னேன்?" என்றாள். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கணக்குச் சரிபார்ப்பவளைப் போல நினைவுபடுத்தினாள், அவ்வளவுதான். நான் இந்தப் படத்தை விடாமல் பரிந்துரைப்பதற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

இரவுப்பணிச் செவிலியர்

வார்டில் எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்பதுதான். நோயாளியும் கேட்பார், உடன் இருப்பவரும் கேட்பார். மருத்துவமனையில் இருப்பவர் எல்லோரும் மனதுக்குள் ஒரு பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பவர்கள்தான். அதனால் கணக்காளர் ஐயா சொன்ன "பிடிக்காததை ஓட்டிவிடுவது" எனக்கு உடனே புரிந்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் படத்தோடு எனக்கு வழக்கு உண்டு. வயதான ஒருவர் எங்கள் வார்டில் நெடுநாள் இருந்தார். அவருடைய மகன் தினமும் மாலையில் வந்துவிடுவார். வந்ததும் மடிக்கணினியைத் திறந்துகொள்வார். பேச்சு மிகவும் குறைவு. புதிதாக வந்த ஒரு செவிலியர், "அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசக் கூடாதா?" என்று ஆதங்கப்பட்டார். நான் ஒரு நாள் அந்தப் பெரியவரிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது: "அவன் தட்டும் சத்தம் கேட்டால் எனக்குத் தூக்கம் வருகிறது, அம்மா. சின்ன வயதில் நான் தையல் இயந்திரம் ஓட்டுவேன், அவன் என் காலடியில் தூங்குவான்."

அந்த மகனை இந்தப் படம் எந்தப் பக்கத்தில் வைக்கும்? உடல் மட்டும் வந்திருக்கிறது, ஆள் வரவில்லை என்றுதான் தீர்ப்புச் சொல்லும். அங்கே இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மனிதர் முழுவதுமாக அங்கே இருந்தார். அப்பாவின் மூச்சு சற்று மாறினாலும் அவருடைய விரல்கள் நின்றுவிடும்.

தொலைக்காட்சி பழுதுநீக்குபவர்

என் தொழிலைப் பற்றிய படம் என்பதால் எனக்கு இதில் தனி உரிமை இருக்கிறது.

ரிமோட் என்ற பொருள் பிறந்ததே பிடிக்காததைத் தள்ளிவிடுவதற்காகத்தான். அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1950இல் 'லேஸி போன்ஸ்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அது நீண்ட ஒயரால் தொலைக்காட்சியோடு இணைக்கப்பட்டிருந்தது. நடப்பவர் காலில் அந்த ஒயர் சிக்கும். 1955இல் அதே நிறுவனத்தின் பொறியாளர் யூஜீன் பாலி, ஒளிக்கற்றையால் வேலை செய்யும் 'ஃபிளாஷ்-மேடிக்'கை உருவாக்கினார். வெயில் பட்டால்கூடத் தொலைக்காட்சி தானாக மாறிவிடும் தொல்லை அதில் இருந்தது. 1956இல் ராபர்ட் ஆட்லர் காதுக்குக் கேட்காத மீயொலியைப் பயன்படுத்தி அடுத்ததைச் செய்தார். இவற்றையெல்லாம் செய்யச் சொன்ன ஜெனித் தலைவர் மெக்டொனால்டுக்கு விளம்பரங்கள் என்றாலே ஆகாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே விளம்பரத்தின் வாயை மூட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஆக, மைக்கேல் நாயின் சத்தத்தைக் குறைக்கும்போது, அந்தக் கருவி தன் பிறவிக் குணத்தைத்தான் காட்டுகிறது.

கற்றுக்கொள்ளும் ரிமோட்டும் கற்பனை அல்ல. ஆப்பிளை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக், 1987இல் தன்னுடைய வேறொரு நிறுவனத்தின் வழியாக அப்படி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மற்ற ரிமோட்டுகளின் குறிகளை அதற்குக் காட்டிக் கொடுத்தால் அது பதிய வைத்துக்கொள்ளும். அது கற்றது ரிமோட்டுகளிடம். படத்தில் வருவது உரிமையாளரிடம் கற்கிறது. பயம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

நான் நின்றுபோன காட்சி, மைக்கேல் அந்த ரிமோட்டைத் தொலைத்துக்கட்டப் பார்ப்பது. எப்படி எறிந்தாலும் அது திரும்பி வந்துவிடுகிறது. என்னிடம் வரும் ரிமோட்டுகளைத் திறந்தால், ரப்பர் பொத்தானின் அடியில் இருக்கும் கரித் தொடுமுனை தேய்ந்திருப்பதைப் பார்த்தே அந்த வீட்டின் பழக்கத்தைச் சொல்லிவிடலாம். எதை அதிகம் அழுத்தினார்களோ அது முதலில் சாகும். படத்து ரிமோட்டில் அதற்கு நேர்மாறாக நடக்கிறது: எதை அதிகம் அழுத்தினானோ அது மேலும் மேலும் வலுவாகிறது. இதை எழுதிய ஸ்டீவ் கோரனும் மார்க் ஓகீஃபும் ஒரு ரிமோட்டையாவது பிரித்துப் பார்த்தார்களோ இல்லையோ, பழக்கம் எப்படி வேலை செய்கிறது என்று நன்றாகவே அறிந்திருக்கிறார்கள்.

மூன்று பிள்ளைகளின் தாய்

டோனாவைப் பற்றி யாராவது பேசுவீர்கள் என்று காத்திருந்தேன்.

மைக்கேல் வாக்குவாதத்தை ஓட்டிவிடும் காட்சியில் திரையரங்கில் எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு அது சில நொடிகள். டோனாவுக்கு அது முழுச் சண்டை. அவள் பேசியிருக்கிறாள், அழுதிருக்கலாம், எதிரே ஒருவன் தலையாட்டியிருக்கிறான். என்ன சொன்னாள் என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. படம் அதை நமக்குக் காட்டவேயில்லை. பார்ப்பவர்களையும் சேர்த்தே அந்த ரிமோட் ஓட்டிவிடுகிறது.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். கணவர் முதலில், "அது சினிமா" என்றார். பிறகு, "நீ சொல்வது சரி, அவள் என்ன சொன்னாள் என்று எனக்கும் கேட்கத் தோன்றவில்லை" என்றார். அன்றிரவு நாங்கள் பேசியது படத்தைப் பற்றித்தான், ஆனால் படத்தைப் பற்றி மட்டும் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. சண்டை வந்தால் யாரும், "சரி, விடு" என்று முடிக்கக் கூடாது. முடியாவிட்டால் "நாளைக்குத் தொடரலாம்" என்று சொல்ல வேண்டும், நாளை உண்மையாகவே தொடர வேண்டும். சில நாள் எரிச்சலாக இருக்கும். ஆனால் எங்கள் இருவருக்கும் பெரிய பையனின் படிப்பைப் பற்றி எவ்வளவு மாறுபட்ட பயம் இருந்தது என்பது அப்படித் தொடர்ந்த ஒரு சண்டையின் இரண்டாம் நாளில்தான் தெரிந்தது.

செவிலியர் சகோதரி சொன்ன மகனைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் அங்கே இருந்தார் என்பதற்கு சாட்சி அவருடைய விரல்கள். மைக்கேலுக்கு அப்படி ஒரு சாட்சி கிடையாது.

கட்டுமான வரைவாளர்

மைக்கேலின் தொழிலுக்கு மிக அருகில் இருப்பவன் நான். அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டேவிட் ஹாசல்ஹாஃப் நடித்த முதலாளி அம்மர் இந்தப் படத்தில் எதற்கும் பதில் சொல்வதில்லை. பங்குதாரர் பதவி என்ற ஆசையைக் காட்டிக்காட்டி ஒருவனுடைய விடுமுறைகளை வாங்கிக்கொள்கிறான். பிள்ளைகளோடு முகாமிடப் போக வேண்டிய பயணம் போகிறது. தோட்டத்து மர வீடு பாதியில் நிற்கிறது. கடைசியில் திருந்த வேண்டியவன் யார்? மைக்கேல் மட்டும். வேலை தரும் இடம் அப்படியே இருக்கலாம், நீ உன் மனதைச் சரி செய்துகொள் என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வேலை நேரம் என்பது தனிமனித ஒழுக்கத்தால் வந்த ஒன்றல்ல. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1919இல் நிறைவேற்றிய முதல் உடன்படிக்கையே, தொழிற்சாலைகளில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பைப் பற்றியதுதான். அதற்கு முன்னால் எத்தனை பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள், எத்தனை பேர் அடிபட்டார்கள்! மைக்கேல் நியூமன் கண்விழிக்கும் வருடங்களில் ஒன்று 2017. ரிமோட் அவனைப் பத்து வருடம் தாண்டிக் கொண்டுவந்து, உடல் பெருத்தவனாக, நிறுவனத்தின் தலைவனாக, மனைவி பிரிந்தவனாக நிறுத்துகிறது. நிஜ உலகில் அதே 2017 ஜனவரி 1 அன்று பிரான்சில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. 50 பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பிறகு ஊழியர் மின்னஞ்சலிலிருந்தும் தொலைபேசியிலிருந்தும் விலகியிருக்கும் உரிமையைப் பற்றி அவர்களோடு பேசி முடிவு செய்ய வேண்டும் என்றது. படம் பயந்த வருடத்தில் ஒரு நாடு இதையாவது செய்தது என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுவில் ஒரு பெரிய ஒப்படைப்புக்குப் பிறகு நாங்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தோம். மறுநாள் ஒருவர், "நம் வேலையில் எந்தப் பகுதி உண்மையில் அவசரம்?" என்று கேட்டார். ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். அவசரம் என்று வந்தவற்றில் பெரும்பாலானவை, வாடிக்கையாளர் கேட்காமலே இடையில் யாரோ ஒருவர் வைத்த கெடு. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்து மேலாளரிடம் போனோம். தனியாகப் போயிருந்தால் நடந்திருக்காது. இப்போது மாலைக்குப் பிறகு வரும் திருத்தங்கள் மறுநாள் காலையில்தான் திறக்கப்படுகின்றன. ஒருவரும் ரிமோட்டை எறிய வேண்டியிருக்கவில்லை.

லாரி ஓட்டுநரின் மகள்

அந்த நாணயக் காட்சியை யாரும் சொல்லவில்லையே!

மைக்கேலின் அப்பா டெட் (ஹென்றி விங்க்லர்) நாணயத்தை மறைத்து ஒரு வித்தை காட்டுவார். மகன் சிறுவனாக இருந்த காலம் முதல் அதே வித்தைதான். பின்னாளில் அவர் இறந்துபோனது தெரிந்ததும், அந்தக் கணத்துக்கு அழைத்துப்போகச் சொல்லி மைக்கேல் கேட்கிறான். முடியாது. அவன் அங்கே இல்லாததால் அந்தக் காட்சி அவனுக்குக் கிடையாது. ரிமோட்டின் விதிகளிலேயே என்னை உலுக்கியது இதுதான். அதனால் அப்பாவைக் கடைசியாகச் சந்தித்த இடத்துக்குப் போகிறான். அலுவலகத்துக்கு வந்து, "வெளியே போகலாமா, பேரனும் வருகிறான்" என்று அப்பா ஆசையாக அழைக்கிறார். மேசையில் உட்கார்ந்திருக்கும் மைக்கேலின் உடல் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த வித்தை எப்படிச் செய்யப்படுகிறது என்பது எனக்கு எப்போதோ தெரியும் என்று சொல்லிவிடுகிறது.

நான் இதை என் அப்பாவோடு பார்த்தேன். அவர் தொலைதூர லாரி ஓட்டியவர். என் சிறுவயதில் பாதி நாட்கள் சாலையில் இருந்தவர். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "பையன் வேலையில் இருக்கிறான். அந்தக் கிழவர் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டாமா?" என்றார்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்ன அப்பா இப்படிச் சொல்கிறீர்கள்?" என்று சண்டைக்குப் போனேன். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "ஸ்டீயரிங்கில் கை இருக்கும்போது திரும்பிப் பார்க்க முடியாது, கண்ணு. அந்த அப்பனுக்கு அது தெரிந்திருக்கிறது. அதனால்தான் கோபப்படாமல் போகிறார்" என்றார்.

டெட் கோபப்படவில்லை என்பது உண்மை. மகன் மேல் அன்பைச் சொல்லிவிட்டுத்தான் போகிறார். அதற்கு முன்பு அந்தக் காட்சியில் நான் மகனை மட்டுமே பார்த்திருந்தேன். இப்போது பார்க்கும்போதெல்லாம் என் கண் ஹென்றி விங்க்லரின் முகத்தில் போய் நிற்கிறது. மகனின் நிலைமை புரிந்த ஒருவரின் முகம் அது. வரைவாளர் நண்பரே, உங்கள் கோபத்தில் என் அப்பாவும் பாதிப் பங்கு கேட்பார் என்று நினைக்கிறேன்.

ஒப்பனை கற்றுக்கொள்பவர்

சின்னப் பதிவுதான். இந்தப் படத்துக்குச் சிறந்த ஒப்பனைக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. பில் கோர்சோவும் கஸுஹிரோ சுஜியும் செய்த வேலைக்காக. விருது 'பான்ஸ் லேபிரிந்த்' படத்துக்குப் போனது. சுஜி பிற்காலத்தில் வேறு படங்களுக்காக அந்த விருதை வென்றார். சாண்ட்லரை வயதானவராகவும், மிகப் பெருத்தவராகவும், பிறகு தோல் தொங்கும் மெலிந்தவராகவும் மாற்றியதைப் பயிற்சிக்காகத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். முதுமை ஒப்பனையில் கடினமானது சுருக்கம் அல்ல. அந்த மனிதரின் சிரிப்பு சுருக்கத்துக்கு அடியிலிருந்து வெளியே தெரிய வேண்டும்.

அதைப் பார்த்துவிட்டு என் நண்பனை உட்கார வைத்து எழுபது வயதுக்காரராக மாற்றினேன். வேலை முடியும் நேரத்தில் அவனுடைய அம்மா அறைக்குள் வந்தார். வந்தவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, அவன் முகத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்துகொண்டார். "அந்த வயதில் உன்னை நான் பார்க்கப்போவதில்லை. இன்றைக்குப் பார்த்துவிட்டேன்" என்றார். நண்பன் அன்றைக்கு வெளியே போவதாக இருந்தான். ஒப்பனையைக் கலைக்காமல் அம்மாவோடு உட்கார்ந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தான்.

ஒற்றைத் தலைவலியோடு வாழ்பவர்

எல்லோரும் ஒரே பக்கம் நிற்கிறீர்கள். நான் மறுபக்கம் நிற்கிறேன். எனக்கு அந்த ரிமோட் வேண்டும்.

ஒற்றைத் தலைவலியின் ஒரு தாக்குதல் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும் என்று மருத்துவ வரையறையே இருக்கிறது. அந்த நேரத்தில் இருட்டறையில் கிடப்பதால் என் ஆன்மா வளர்வதில்லை. எனக்கு ஒரு பாடமும் கிடைப்பதில்லை. வலிக்கிறது, அவ்வளவுதான். மைக்கேல் சளியை ஓட்டிவிட்டதற்கு ரிமோட் பின்னால் அவனைத் தண்டிக்கிறது. நோய் வந்தால் தாண்ட வேண்டும் என்று கற்றுக்கொண்டு வருடக்கணக்கில் அவனை இழுத்துப் போகிறது. அந்தக் காட்சியில் நான் நின்றுபோனேன், ஆனால் உங்களைப் போல உருகி அல்ல. காய்ச்சலைத் தாண்ட ஆசைப்பட்டவனுக்கும் அப்பாவைத் தாண்டியவனுக்கும் ஒரே தண்டனையா? உடல்நலம் உள்ளவர்கள் எழுதிய கதை இது என்று அப்போதே தோன்றியது.

என் குடும்பத்துக்கும் அதைச் சொன்னேன். என் மகன், "அப்படியானால் தலைவலி வரும் நாட்களை மட்டும் ஓட்டிவிட்டு எங்களிடம் வந்துவிடு, அம்மா" என்றான். அவனுக்குப் புரிந்தது.

இரவுப்பணிச் செவிலியர்

மேலே எழுதிய சகோதரிக்கு: உங்களோடு நான் நிற்கிறேன். 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் மருத்துவமனையில் ஈதர் கொடுத்து வலி தெரியாமல் அறுவைச் சிகிச்சை செய்து எல்லோருக்கும் காட்டினார்கள். அன்று மனிதர்களுக்குக் கிடைத்தது ஓட்டிவிடும் பொத்தான்தான். எங்கள் தொழிலில் பாதி அந்தப் பொத்தானை அழுத்துவது. மயக்கம் தெளிந்து, "முடிந்துவிட்டதா?" என்று கேட்பவர்களின் முகத்தில் வரும் நிம்மதியைப் போல நல்ல காட்சி எனக்கு வேறு தெரியாது. வலியையும் சலிப்பையும் ஒரே கணக்கில் சேர்த்தது படத்தின் குறை. ஆனால் ஒன்று: மயக்கம் கொடுக்கும்போது ஒருவர் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவருக்குப் பதிலாக அவருடைய ஒவ்வொரு மூச்சையும் கவனித்துக்கொண்டிருப்பார். மைக்கேலுக்குப் பதிலாகக் கவனிக்க யாரும் இல்லை.

பொறியியல் மாணவன்

என் அம்மா பாலங்கள் கட்டும் பொறியாளர். சிறுவயதில் பல பள்ளி விழாக்களுக்கு அவர் வந்ததில்லை. இந்தப் படத்தை எனக்குக் காட்டிய ஆசிரியர், நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். எனக்கு வந்தது வேறு.

மைக்கேல் கட்டிடங்களை வடிவமைப்பவன். அவன் கட்டிய ஒரு கட்டிடத்தையாவது பென்னுக்கும் சமந்தாவுக்கும் அவன் காட்டுகிறானா? படத்தில் வேலை என்பது பிள்ளைகளிடமிருந்து அப்பாவைப் பிடுங்கும் பொருளாக மட்டுமே வருகிறது. என் அம்மா என்னைத் தலைக்கவசம் மாட்டி வேலை நடக்கும் இடத்துக்கு அழைத்துப் போவார். தூணுக்குள் கம்பி கட்டுவதைக் காட்டுவார். கான்கிரீட் ஊற்றிய நாளில், அது காய்வதால் இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது, அதனால்தான் ஈரம் காய விடாமல் தண்ணீர் தெளிக்கிறார்கள் என்று சொல்லிக்கொடுத்தார். விழாவுக்கு வராத நாளில் எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

படத்தின் பிற்பகுதியில் பென்னும் அப்பாவின் தொழிலுக்கே வருகிறான். தேனிலவை விட்டுவிட்டு வேலைக்கு ஓடப் பார்க்கிறான். குடும்பம்தான் முதலில் என்று மகனிடம் சொல்வதற்காக, மருத்துவமனையை விட்டு மழையில் விழுந்தடித்து வருகிறான் மைக்கேல். அந்தக் காட்சியில் எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் பென் அப்பாவிடம் கற்றுக்கொண்டது ஓடுவதை மட்டும்தான் என்பதுதான் அதைவிட வலித்தது. ஒரு கட்டிடம் எப்படி நிற்கிறது என்ற மகிழ்ச்சியை அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை. பாதியில் நின்ற அந்த மர வீட்டை மூவரும் சேர்ந்து கட்டியிருந்தால், அது வேலையா குடும்பமா?

பழைய படங்கள் சேர்ப்பவர்

தம்பி, மர வீட்டைப் பற்றிய உங்கள் கேள்வியை நான் எங்கும் படித்ததில்லை. நன்றி.

இந்த வகைப் படங்களில் எனக்கு ஈடுபாடு அதிகம் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். 1996இல் வந்த 'மல்டிப்ளிசிட்டி'யில் மைக்கேல் கீட்டன், வேலைக்கும் வீட்டுக்கும் நேரம் போதாமல் தன்னையே நகல் எடுத்துக்கொள்கிறார். 1997இல் வந்த 'லையர் லையர்' படத்தில் ஜிம் கேரி ஒரு வழக்கறிஞர். மகனுக்குக் கொடுத்த வாக்கைத் தொடர்ந்து மீறுபவர். அந்தச் சிறுவன் பிறந்தநாளில், ஒரு நாள் முழுவதும் அப்பா பொய் சொல்லக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறான், அது பலித்துவிடுகிறது. மூன்றுமே மாயத்தை வைத்துச் சிரிக்க வைப்பவை. ஆனால் மூன்றிலும் குறைபாடு வேறு வேறு. ஒருவருக்கு நேரம் இல்லை. இன்னொருவரிடம் உண்மை இல்லை. மைக்கேல் நியூமனிடம் பொறுமை இல்லை. உலகம் முழுவதும் சுமார் 24 கோடி டாலர் வசூலித்த 'கிளிக்'கை விமர்சகர்கள் பலர் ஏற்கவில்லை. ஆனால் இந்த மூன்றில், படம் முடிந்த பிறகும் நெடுநேரம் மக்கள் எழுந்து போகாமல் பேசிக்கொண்டிருப்பதை நான் இந்தப் படத்துக்குத்தான் கண்டிருக்கிறேன். வீட்டில் படம் போட்டு அண்டை அயலாரை அழைப்பது என் வழக்கம் என்பதால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன்.

மூன்று படங்களிலும் மாயம் கிடைப்பது அப்பாக்களுக்குத்தான் என்பதையும் கவனித்தீர்களா?

மூன்று பிள்ளைகளின் தாய்

கவனித்தேன், ஐயா. அதற்குப் பதில் சொல்லவே திரும்ப வந்தேன்.

டோனாவின் கையில் அந்த ரிமோட் கிடைத்திருந்தால் அவள் ஓட்டியிருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன். எனக்குக் கிடைத்தால் நான் அழுத்துவது நிறுத்தும் பொத்தான். உலகத்தை அப்படியே நிறுத்தும் வசதி மைக்கேலுக்கு இருந்தது. அதை அவன் முதலாளியைப் பழிவாங்கத்தான் பயன்படுத்தினான். நான் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் காலையில் நிறுத்துவேன். ஒருவன் காலணியைத் தேடிக்கொண்டு, ஒருத்தி பாதிப் பின்னலோடு, சின்னவன் கதவைத் திறந்துகொண்டு நிற்கும்போது. முதலில் உட்காருவேன். பிறகு அந்தக் காலணி எங்கே என்று நிதானமாகத் தேடி எடுத்து அவன் பக்கத்தில் வைப்பேன். பின்னலை முடித்துவிடுவேன். அதற்கப்புறம் மூவரின் முகத்தையும் அவசரமில்லாமல் பார்த்துவிட்டு மறுபடி ஓடவிடுவேன்.

அம்மாக்கள் இன்னும் சிலர் எழுதுங்கள். உங்கள் கையில் கிடைத்தால் எந்தப் பொத்தான்?